அமெரிக்கக் கவுண்டிகளில் வேளாண் மானியம்

அமெரிக்க ஒன்றிய அரசு உழவர்களுக்குத் தரும் பணவுதவி, கவுண்டி எனும் உள்ளூர் நிர்வாகப் பிரிவை ஒட்டியே பட்டுவாடா ஆகிறது. 1933-ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம் இதற்குத் தொடக்கம். விலைச் சரிவைத் தடுக்க, சாகுபடிப் பரப்பைக் குறைத்தவர்களுக்குப் பணம் தரப்பட்டது. 1936-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. உதவியோ வேறு வடிவில் தொடர்ந்தது.

இன்று வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்தில்தான் விண்ணப்பம். உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் அங்கே அதிகாரம் உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பயிரின் கவுண்டி சராசரி வருவாய், முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்ட அளவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் (2024 வரை 86) கீழே போனால் இழப்பீடு தரும் திட்டம் உண்டு. தன் வயல் மட்டும் கருகியவருக்கு இத்திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. நல்ல மகசூல் கண்டவருக்குக் காசோலை வரலாம். வேடிக்கை இன்னொன்று: பழைய பதிவேட்டில் மக்காச்சோளம் என்றிருந்தால், இவ்வாண்டு சோயா விதைத்திருந்தாலும் மக்காச்சோளத்துக்கான தொகையே வரும்.

தனிநபர் உச்சவரம்பு உண்டு. ஆனால் கூட்டுப்பண்ணையில் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே தகுதி பெற முடியும். மானியம் ஏக்கர் கணக்கில் தரப்படுவதால் பெரும்பங்கு பெரிய பண்ணைகளுக்கே போகிறது.