பியர்ப் பேணி வளையமும் கூட்டெருவும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் உற்பத்தியையும் வாணிகத்தையும் நுகர்வையுமே ஆராய்வர். நுகர்ந்தபின் எஞ்சுவது யாது, அதனை அகற்றும் பொறுப்பு எவரைச் சார்ந்தது என்னும் வினாக்கள் அண்மைக்காலம்வரை அவர்களது கவனத்தை அதிகம் ஈர்த்தனவல்ல. மதுபானத் தொழிலைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் முக்கியமானவை. சில நிமிடங்களில் அருந்தி முடிக்கப்படும் பானத்தைத் தாங்கிவந்த பொதி பல தசாப்தங்கள் அழியாது கிடக்கும் நிலை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே இத்தொழிலில் தோன்றியது. இதற்குப் பரிகாரமாக இன்று கூட்டெரு முன்வைக்கப்படுகின்றது. பொதி உக்கி மண்ணாகுமாயின் சிக்கல் தீரும் என்பது இவ்வாதத்தின் சாரம். ஆறு பியர்ப் பேணிகளை ஒன்றாகப் பிணைக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, இவ்வாதத்தின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போத்தலிலிருந்து பேணிக்கு

ஐக்கிய அமெரிக்காவில் பியர் நெடுங்காலம் கண்ணாடிப் போத்தல்களிலே விற்கப்பட்டு வந்தது. வெறும் போத்தல் உற்பத்திச்சாலைக்குத் திரும்பி, கழுவப்பட்டு, மீண்டும் நிரப்பப்பட்டது. கொள்வனவு செய்தவர் வைப்புப்பணம் செலுத்தினார். போத்தலைத் திருப்பிக் கொடுத்தபோது அதனை மீளப் பெற்றார். போத்தல் உற்பத்தியாளரின் உடைமையாகவே கருதப்பட்டமையால், அதனை மீளச் சேகரிக்கும் பொறுப்பும் செலவும் உற்பத்தியாளரைச் சார்ந்திருந்தன.

1935 ஜனவரி 24ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்தின் றிச்மண்ட் நகரில், குறூகர் நிறுவனத்தின் பியர் முதன்முதலாகத் தகரப் பேணியில் விற்பனைக்கு வந்தது. பேணி பாரம் குறைந்தது, உடையாதது, எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிவர வேண்டாதது. வெறும் போத்தல்களைத் தூர இடங்களிலிருந்து மீளக் கொண்டுவரும் செலவு நீங்கியமை, பரந்த சந்தையை நாடிய பெரிய உற்பத்தியாளருக்குப் பேருதவியாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் போத்தல்களும் பேணிகளோடு சேர்ந்து பரவின.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. 1953இல் வேர்மொன்ற் மாநிலம், மீள நிரப்பமுடியாத போத்தல்களில் பியர் விற்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. எறியப்பட்ட போத்தல்கள் மேய்ச்சல் நிலங்களிலே கால்நடைகளுக்கு ஊறு விளைவித்தன என்பது பண்ணையாளரின் முறைப்பாடாக இருந்தது. ஆனால் அச்சட்டம் புதுப்பிக்கப்படாது 1957இல் காலாவதியாயிற்று. சட்டம் பிறந்த அதே 1953ஆம் ஆண்டிலேதான், பொதி உற்பத்தி நிறுவனங்களும் பான நிறுவனங்களும் சேர்ந்து ‘அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்’ எனும் பொருள்பட்ட பெயருடைய இயக்கமொன்றைத் தோற்றுவித்தன. வீதியிற் குப்பையை எறியும் தனிமனிதனைத் திருத்துவதே அவ்வியக்கத்தின் பிரசாரத்திற் பிரதான இடம்பெற்றது. எறிவதற்கென்றே ஆக்கப்பட்ட பண்டத்தைச் சந்தைக்கு அனுப்பியவர் பற்றிய கேள்வி இதனாற் பின்தள்ளப்பட்டது. பொறுப்பு உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோருக்குக் கைமாறிய இந்நிகழ்ச்சி, பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

வளையத்தின் வருகை

1933இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட பொலித்தீன், யுத்தகாலத்தில் ரேடார்க் கருவிகளின் மின்காவலியாகப் பயன்பட்டு, யுத்தத்தின் பின் பொதியாக்கத்திற் புகுந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் ரூல் வேர்க்ஸ் நிறுவனம், பொலித்தீன் தாளில் ஆறு துளைகளை வெட்டி, அவற்றுட் பேணிகளைப் பொருத்தும் முறையை அறிமுகஞ் செய்தது. பேணிகளை ஆறாறாகக் கட்டுவதற்கு அதுவரை பயன்பட்ட கடதாசி மட்டைப் பெட்டிகளிலும் இது மலிவானது. நீரிலும் குளிரிலும் நைந்துபோகாதது. எனவே மிகக் குறுகிய காலத்தில் இது எங்கும் பரவிற்று.

நீராலும் நுண்ணங்கிகளாலும் எளிதிற் பாதிக்கப்படாமையே பொலித்தீனின் சிறப்பு. அச்சிறப்பே, எறியப்பட்ட வளையம் கடலை அடைந்தபோது கேடாயிற்று. கடற்பறவைகளும் மீன்களும் ஏனைய உயிரினங்களும் வளையங்களிற் சிக்கின. வளரும் உயிரின் கழுத்தில் மாட்டிய வளையம் நெகிழ்ந்து கொடுக்கவுமில்லை, அறுந்து விழவுமில்லை.

சட்டம் கண்ட ‘சிதைவு’

1970களின் பிற்பகுதியிலிருந்து பல மாநிலங்கள் சிதைவடையாத வளையங்களைத் தடைசெய்யலாயின. 1988இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் இது தொடர்பாக நாடு முழுவதற்குமான சட்டமொன்றை இயற்றியபோது, 16 மாநிலங்களில் ஏற்கெனவே இத்தகைய சட்டங்கள் இருந்தமையை அச்சட்டமே எடுத்துக்காட்டியது. கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் வீசுவதைத் தடுக்கும் சர்வதேச விதிகளும் அதே ஆண்டின் இறுதியில், டிசெம்பர் 31ஆம் திகதி, நடைமுறைக்கு வந்தன.

சட்டத்தைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகளைச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1994இல் வெளியிட்டது. வட அகலக்கோடு 26 பாகைக்குத் தெற்கேயுள்ள ஓரிடத்தில், யூன், யூலை மாதங்களில், 35 நாள்கள் வெயிலில் வைக்கப்பட்ட வளையம், இழுத்தால் 5 வீதங்கூட நீளாது முறியும் அளவுக்கு நொய்மை அடையவேண்டும் என்பது அவ்விதிகள் ஏற்றுக்கொண்ட சோதனையாகும். எதிலீனுடன் சிறிதளவு காபனோரொட்சைட்டை இணைத்த பல்பகுதியம் இதற்கு உதவிற்று. சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டாக்கின.

இவ்விதி பயனற்றதெனக் கூறுதல் நியாயமன்று. உயிரினங்கள் சிக்கி மடிவதைக் குறைப்பதே சட்டத்தின் நேரடி இலக்கு; எளிதில் முறியும் வளையம் அவ்விலக்குக்குப் பொருந்தியது. ஆயினும் இங்கு ‘சிதைவு’ என்னும் சொல் குறித்தது நொறுங்குதலையே அன்றி உக்குதலையன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. பெரிய பிளாஸ்டிக் சிறிய பிளாஸ்டிக்காக மாறிற்று, மண்ணாக மாறவில்லை. 2004இல் றிச்சட் தொம்சனும் அவரது சக ஆய்வாளரும் கடலடி மணலிற் காணப்படும் நுண்பிளாஸ்டிக் துகள்களைப் பற்றி எழுதிய பின்னர், இவ்வேறுபாட்டின் தாற்பரியம் பரவலாக உணரப்பட்டது.

கூட்டெருவின் வருகை

நொறுங்குதல் போதாது, உக்குதலே வேண்டும் என்ற நிலையிற் கூட்டெரு பற்றிய சிந்தனை பொதியாக்கத்துட் புகுந்தது. தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகக் குவித்து, ஈரமும் காற்றும் பேணி, இடையிடையே புரட்டி எருவாக்கும் முறையை 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவர் அல்பேட் ஹவார்ட் ஆவார். இந்திய, சீன உழவரின் நெடுநாளைய அனுபவம் அவரது ஆய்வுக்கு அடிப்படையாய் அமைந்தது. ஹவார்டின் கூட்டெருக்குவியல் வெறுமனே பொருள்கள் அழுகும் இடமன்று. உழைப்பையும் கண்காணிப்பையும் வேண்டிநிற்கும் ஓர் ஒழுங்கமைப்பாகும்.

பொதிகளுக்கான நவீன நியமங்களும் இதனையே வேறு வகையில் வற்புறுத்துகின்றன. 1999இல் அமெரிக்காவிலும் 2000இல் ஐரோப்பாவிலும் கூட்டெருவாகத்தக்க பொதிகளுக்கான நியமங்கள் வெளிவந்தன. ஐரோப்பிய நியமத்தின்படி, பொதியிலுள்ள சேதனக் காபனில் 90 வீதம் ஆறு மாதங்களுக்குள் நுண்ணங்கிகளாற் காபனீரொட்சைட்டாக மாற்றப்படவேண்டும். பன்னிரண்டு வாரங்களில் அப்பொதி சிறு துணிக்கைகளாகப் பிரிந்துவிடவும் வேண்டும். இச்சோதனை ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நடைபெறுவதாகும். கடலிலோ வீதியோரத்திலோ இத்தகைய வெப்பநிலை நிலைத்திருப்பதில்லை.

2016இல் புளோரிடாவின் டெல்றே பீச் நகரிலுள்ள சோல்ற்வோட்டர் என்னும் சிறிய பியர் உற்பத்திச்சாலை, விளம்பர நிறுவனமொன்றுடன் இணைந்து, பார்லி, கோதுமை ஆகியவற்றின் சக்கையால் ஆன வளையத்தை அறிமுகஞ் செய்தது. அது கூட்டெருவாகத்தக்கது எனவும், கடலுயிர்கள் உண்டாலும் தீங்கு செய்யாதது எனவும் கூறப்பட்டது. 2018இல் கொரோனா பியரின் உற்பத்தியாளரும் தாவர நார் வளையங்களை அறிவித்து, மெக்சிக்கோவின் துலூம் நகரிற் பரீட்சித்தனர்.

இம்முயற்சியின் பொருளாதார அடிப்படை கவனிக்கத்தக்கது. 100 லீற்றர் பியர் உற்பத்தியில் ஏறத்தாழ 20 கிலோகிராம் ஈரச் சக்கை எஞ்சுகின்றது. தொழிலின் சொந்தக் கழிவே அதன் பொதியாக மாறுமாயின், உற்பத்தியும் கழிவும் ஒரே வட்டத்துள் அடங்கும். எனினும் அச்சக்கை முன்னரும் வீணாகிப் போனதன்று. நெடுங்காலமாகக் கால்நடைத் தீனியாய்ப் பயன்பட்டு வந்துள்ளது.

பொருளும் ஒழுங்கமைப்பும்

இதே காலத்தில் வேறு நிறுவனங்கள் வேறு வழிகளை நாடின. 2018இல் கார்ல்ஸ்பேர்க் நிறுவனம் பேணிகளைப் பசையால் ஒட்டிப் பிணைக்கும் முறையை வெளியிட்டது. 2019இல் கின்னஸ் பியரின் உரிமையாளரான டியாஜியோ நிறுவனம், வளையங்களையும் பிளாஸ்டிக் உறைகளையும் கைவிட்டுக் கடதாசி மட்டைக்குத் திரும்புவதாக அறிவித்தது. சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன் வளையம் எதனை அகற்றியதோ, அதுவே மீண்டும் வந்தது. அதே 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பற்றிய பணிப்புரையை நிறைவேற்றியபோது, உக்கும் பிளாஸ்டிக்கிற்கு விதிவிலக்கு வழங்கவில்லை. பொருளின் இயல்பு மட்டும் போதிய உத்தரவாதமாகாது என்பதே இதனாற் பெறப்படுவதாகும்.

இவ்விடத்தில் எமது பிரதேசத்துப் பழக்கமொன்றை ஒப்புநோக்குதல் பொருந்தும். யாழ்ப்பாணத்திற் கள்ளருந்துவோர் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவைப் பயன்படுத்தினர். அதுவும் எறியப்படும் பொதியே. ஆனால் பனையும் கள்ளும் அருந்துவோரும் மண்ணும் ஒரே சூழலிற் கூடியிருந்தமையால், எறியப்பட்ட ஓலை தான் தோன்றிய நிலத்திலேயே உக்கிற்று. அங்கு தனியான சேகரிப்பு முறை தேவைப்படவில்லை. பல்லாயிரம் மைல்கள் கடந்து விற்பனையாகும் பேணிக்கு இவ்வாய்ப்பு இல்லை. அதன் வளையம் உக்கவேண்டுமாயின், அதனைச் சேர்ப்பதற்கு ஆட்களும், உக்கவைப்பதற்குக் குவியலும், எருவை ஏற்பதற்கு வயலும் வேண்டும். இவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

1953இல் வேர்மொன்ற் சட்டம் உற்பத்தியாளரை நோக்கி எழுப்பிய வினாவும் இதுவே. வெயிலில் நொறுங்கும் வளையம் அப்பொறுப்பைச் சூரியனிடம் ஒப்படைத்தது. ‘கூட்டெருவாகத்தக்கது’ எனும் அச்சிட்ட வாசகம், கூட்டெருக்குவியல் இல்லாத ஊர்களில் அதனை மண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக்கூடும். சக்கை வளையத்தின் விஞ்ஞானச் சிறப்பை இதனாற் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் வைப்புப்பண முறையைப் போன்று, பண்டத்தை விற்பவரே அதன் எச்சத்தையும் மீளப் பெறும் கடப்பாடு சட்டத்தால் நிறுவப்படும்போதுதான் கூட்டெரு ஒரு பரிகாரமாக அமையும். அதுவரை உக்கும் வளையமும் எறியப்படும் வளையமாகவே இருக்கும்.