தோல்வியறியாக் குழுவும் வாராத அழைப்பும்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் கிண்ணங்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. வென்றோர் பெயர் பலகையிற் பொறிக்கப்படும், ஏனையோர் மறக்கப்படுவர். ஆயின், கிண்ணமெதனையும் பெறாமலே ஒரு நாட்டின் சமூக வரலாற்றில் இடம்பெற்ற குழுவும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் 1951ஆம் ஆண்டிற் களமிறக்கிய உதைபந்தாட்டக் குழு அத்தகையது.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்கோட்டைக் கடப்பதே அதன் நோக்கம். றகர் ஆட்டத்துக்கே அது நெருங்கிய உறவுடையது. இலையுதிர் காலத்திற் கல்லூரிகள் தம்முட் பொருதும். பருவ முடிவிற் சிறந்த குழுக்கள், புத்தாண்டையொட்டி நடைபெறும் ‘போல்’ என்னும் சிறப்புப் போட்டிகளுக்கு அழைக்கப்பெறும். இவ்வழைப்பு புகழையும் பொருளையும் ஒருங்கே தருவது. அதனை வழங்குவதும் மறுப்பதும் போட்டியை நடத்துவோர் விருப்பத்தைப் பொறுத்தனவாயிருந்தன.

1855இல் இயேசு சபையினரால் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் பெருஞ் செல்வமுடையதன்று. பயிற்சியாளர் ஜோ குகாரிச் கடுமையான ஒழுங்கினால் வலிமைமிக்க குழுவொன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரிற் பங்குகொண்டு மீண்ட ஜினோ மார்க்கெற்றி போன்றோர் அதில் இருந்தனர். ஒல்லி மற்சன், பேள் ரோலர் என்னும் இருவரும் கறுப்பினத்தவர். 1951ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களையும் இக்குழு வென்றது. பசிபிக் கல்லூரியை 47–14 என்றும், இறுதி ஆட்டத்தில் லொயோலாவை 20–2 என்றும் தோற்கடித்தது. மற்சன் பந்துடன் ஓடிக் கடந்த 1,566 யார் அவ்வாண்டில் நாட்டிலேயே மிகக் கூடியதாகும்; எல்லைக்கோட்டை அவர் 21 தடவை கடந்து புள்ளியீட்டினார்.

எனினும் அழைப்பு வரவில்லை. புளொரிடா மாநிலத்து ‘ஒறேஞ் போல்’ முதலான தென்பகுதிப் போட்டிகள் நிறவேற்றுமை நிலவிய சூழலில் நடைபெற்றவை. கறுப்பினத்தவர் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்புண்டு என்னும் செய்தி தமக்கு எட்டியதாகவும், தாம் ஒருமுகமாக அதனை மறுத்ததாகவும் குழுவினர் பின்னாளிற் சான்று கூறினர். இருவரும் இன்றிச் செல்வதா என்பது அவர்களிடையே விவாதத்துக்குரிய பொருளாகவே இருக்கவில்லை.

எதிர்த்தாடிய குழுக்கள் வலிமை குன்றியவை என்பதே அழைக்காமைக்குக் காரணமெனச் சிலர் கூறினர். இக்கூற்றை ஆராய்ந்து பார்த்தல் தகும். இவர்களிடம் 33 புள்ளி வேறுபாட்டில் தோற்ற பசிபிக் கல்லூரி, ரெக்சாஸ் மாநிலத்து ‘சன் போல்’ போட்டிக்கு அழைக்கப்பட்டது. தோற்றவருக்குக் கிடைத்த தகுதி வென்றவருக்கு இல்லாமற் போனதெனல் பொருந்தாது. மேலும், பசிபிக் குழுவிலும் கறுப்பின வீரர் ஒருவர் இருந்தார். எனவே, தடை எங்கும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பதும் புலனாகின்றது. அது இயற்கை நியதியன்று. ஆங்காங்கு மனிதர் செய்த முடிவு. மனிதர் செய்த முடிவாதலின், அதற்கு அவர்களே பொறுப்பாளருமாவர்.

மறுப்பின் விலை சிறிதன்று. உதைபந்தாட்டத்தினாற் பணநட்டமுற்றிருந்த பல்கலைக்கழகம் அப்பருவத்துடன் ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அழைப்பினால் வந்திருக்கக்கூடிய பொருள் அதனைக் காத்திருக்கவும் கூடும். குழுவினரோ வீழ்ந்தாரல்லர். மற்சன் 1952இல் கெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். மற்சன், மார்க்கெற்றி, பொப் சென்கிளெயர் ஆகிய மூவரும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். குழுவின் செய்தித் தொடர்பாளராயிருந்த இளைஞர் பீற் ரோசெல் 1960இல் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் ஆணையாளரானார். முழங்காற் காயத்தினால் ஆட்டத்தைக் கைவிட்ட ரோலர், சான் பிரான்சிஸ்கோவிற் பாடசாலை அதிபராகப் பணியாற்றினார். 1965இல் அந்த லீக்கின் முதலாவது கறுப்பின நடுவருமானார். ஒருகால் எவர் களத்தில் நிற்கலாகாதென விலக்கப்பட்டாரோ, அவரே களத்தின் நீதியைக் காப்பவராயினார்.

பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு முரணானதென அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இலேயே. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், நீதிமன்றமோ அரசோ கட்டளையிடாத நிலையில், இருபது வயதையொட்டிய மாணவர் சிலர் நேரியது இன்னதெனத் தெளிந்து நின்றனர். தோழரை விலையாக வைத்துப் பெறும் சிறப்பு சிறப்பன்று என்பதே அவர்கள் கண்ட தெளிவு. சட்டம் பின்னர் வந்தது. ஒழுக்கம் முந்திச் சென்றது. கல்லூரி மைதானத்தின் பயன் யாதென வினவுவோர்க்கு இப்பருவத்தின் வரலாறு தக்க விடையாகும்.