நூலைத் தெரிதல்: மானிப்பாய் தரும் பாடம்

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியலைப் பாடமாகக் கொண்ட மாணவர் ஒருவர் புத்தகக் கடையினுள் நுழைந்தால், அவர் கண்முன் நூல்கள் மலையெனக் குவிந்து கிடக்கக் காண்பார். வழிகாட்டி நூல்கள் ஒரு புறம், வினாவிடைத் தொகுப்புகள் ஒரு புறம், தமிழகத்திலிருந்து வந்தவை ஒரு புறம், ஆங்கிலப் பெருநூல்கள் மற்றொரு புறம். இவற்றுள் எதனை வாங்குவது, எதனை விடுவது என்பதே அவரது முதற் பரீட்சையாகும்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறே நான் கற்பித்த பாடம். எனினும், அதிபர் என்ற முறையில் முன்னொரு முறை உயிரியல் மாணவர்க்கென ஒன்பது நூல்களின் பட்டியலை எழுதி விளம்பரப் பலகையில் இட்டேன். ஒரு மாணவியின் தாயார் தமது சங்கிலியை அடகு வைத்து ஒன்பதையும் வாங்கிக் கொடுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். பரீட்சை முடிந்ததும் அப்பிள்ளை அந்நூல்களைப் பள்ளி நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தாள். எடுத்துப் பார்த்தேன், ஐந்து நூல்களில் ஒரு பென்சிற் கீறலேனும் இல்லை. பிழை பிள்ளையினுடையதன்று, என்னுடையது. அன்று தொடங்கி, இதே வினாவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டில் எதிர்கொண்ட ஒருவரின் வரலாற்றைப் புதிய கண்ணோடு நோக்கலானேன்.

அவரே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்த அவர், 1847 இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தமது பணிக்களமாக்கினார். நோயாளரைப் பார்த்தலோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளூர் இளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தையும் கற்பித்தார். உடலின் அமைப்பையும் தொழிலையும் கற்பிக்க நூல் வேண்டும். எந்த நூல்? எந்த மொழியில்?

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோர் கூடிய ஊதியம் நாடி ஊரைவிட்டு அகன்றனர். கிராமத்து நோயாளிக்கு மருத்துவர் எஞ்சவில்லை. ஆகவே, 1860களில் தமிழையே போதனா மொழியாக்கினார். யாருக்காக, எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற வினாவே அவரது நூல் தேர்வுக்கு அடிப்படையாயிற்று.

அவர் நூல்களைத் தெரிந்த ஒழுங்கும் கவனிக்கத் தக்கது. அவர் முதலிற் கைக்கொண்டது பெருநூலன்று. அமெரிக்கப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதப்பெற்ற கல்வின் கட்டரின் நூலையே 1850களில் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று தமிழாக்கினார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகிய மூன்றையும் சுருங்கக் கூறும் நூல் அது. சத்திர சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இல் வந்தது. இலண்டனில் 1858 இல் முதற்பதிப்புப் பெற்ற கிறேயின் பேருடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என 1872 இலேயே தமிழுக்கு வந்தது. டால்ற்றனின் உடற்றொழிலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்ற பெயருடன் 1883 இல் வெளிவந்தது. எளியது முன், அரியது பின். ஒன்பது நூல்களையும் ஒரே நாளிற் பட்டியலிட்ட எனக்கு இவ்வொழுங்கு நல்லதொரு படிப்பினையாயிற்று.

கலைச்சொற்களிலும் அவர் ஒரு நெறியைக் கைக்கொண்டார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடினார். அஃதில்லையேல் வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைவித்தார். 1875 இல் வந்த இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டமை இதற்குச் சான்று. மாணவர்களும் மொழிபெயர்ப்பிற் பங்கு கொண்டனர். 1873 இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டிருந்தனர். தாயகத்திலிருந்தும் நூற்பணியைத் தொடர்ந்து, 1884 இல் மறைந்தார்.

ஆயினும் அந்நூல்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. கிறீன் காலத்து யாழ்ப்பாணத்தை வாந்திபேதி பன்முறை வாட்டியது. அவரும் அதனை எதிர்த்துப் போராடினார். எனினும், காசநோய்க் கிருமியை 1882 இலும், வாந்திபேதிக் கிருமியை அதனையடுத்த ஈராண்டுகளிலும் றொபேட் கொக் உலகுக்கு உணர்த்தும் முன்னரே அவர் தெரிந்த நூல்கள் எழுதப்பெற்றுவிட்டன. எத்துணைச் சிறந்த நூலுக்கும் ஆண்டு என்று ஒன்றுண்டு. அதனைக் கடந்த அறிவை அந்நூலிடம் எதிர்பார்த்தல் கூடாது.

இவ்வரலாறு இன்றைய மாணவர்க்கு நான்கு வினாக்களைத் தருகிறது. முதலாவது, இந்நூல் எனது பாடத்திட்டத்துக்கு உரியதா? தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் வளநூலையும் அருகில் வைத்து ஒப்புநோக்குக. இரண்டாவது, நான் நிற்கும் படிக்கு இது ஏற்றதா? வளநூலில் விளங்காத பகுதிக்கு மட்டும் பெருநூலை நூலகத்தில் நாடினாற் போதும். அதனை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது, இதன் கலைச்சொற்கள் எனது வினாத்தாளின் சொற்களா? நாம் ஒளித்தொகுப்பு என்பதைத் தமிழக நூல்கள் ஒளிச்சேர்க்கை என்கின்றன. நாம் நிறமூர்த்தம் என்பதை அவை குரோமோசோம் என்கின்றன. இரண்டும் பிழையல்ல, ஆனால் இரண்டும் ஒன்றே என அறியாத மாணவர் பரீட்சை மண்டபத்தில் மயங்குவார். நான்காவது, இது எந்த ஆண்டு நூல்? பாடத்திட்டம் மாறியபின்னும் பழைய வழிகாட்டிகள் கடைகளிற் கிடந்து விலைபோவதுண்டு.

இந்நான்கு வினாக்களுக்கும் விடைதரும் நூல்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றைத் திரும்பத் திரும்பக் கற்று, கடந்தகால வினாத்தாள்களை எழுதிப் பார்த்து, முற்றத்துச் செம்பருத்திப் பூவைக் கையாற் பிரித்து நோக்கும் மாணவர்க்கு அதுவே போதிய மூலதனம்.

எங்கள் பள்ளியின் விளம்பரப் பலகையில் இப்போது ஒன்பது நூல்களின் பட்டியல் இல்லை. பாடத்திட்டமும் வளநூலும் நூலகத்தில் உள்ள நூல்களின் பெயர்களுமே உள்ளன. அதன் கீழ் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'வாங்குமுன் ஆசிரியரைக் கேளுங்கள்.' பெற்றோர்களே, நீங்களும் கேளுங்கள்.