ஜீனோவும் ஓட்டு இயந்திரமும்

பீன்யாவில் பட்டறை வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஜாலஹள்ளி பக்கத்து ஊர். அங்குள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். எழுத்துலகில் அவர் பெயர் சுஜாதா (1935–2008). அந்த நிறுவனத்தின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. அதே மனிதர், மக்கள் தேர்ந்தெடுக்கவே வழியில்லாத ஓர் இந்தியாவையும் கற்பனை செய்து எழுதினார். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நடப்பது 2021-ஐ ஒட்டிய காலத்தில். (அந்த வருஷமும் வந்து போயாச்சு!) ஜீவா என்ற தலைவர் நாட்டை ஆள்கிறார். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். காணாமற்போன கணவன் சிபியைத் தேடிப் புறப்படும் நிலா, ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது, ஒளியாலான வெறும் பிம்பம் என்பதைக் கண்டறிகிறாள். இதற்கா இத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள் என்று நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஆன்டனி பர்ஜஸ் 1962-ல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலில் ஒரு கேள்வி கேட்டார். கொடியவன் ஒருவனுக்குச் சிகிச்சை கொடுத்து, தப்பே செய்யமுடியாதவனாக்கிவிட்டால் அவன் நல்லவனா? சுஜாதாவின் ஜீனோ இதற்கு நேர் தலைகீழ். சொன்னதைக் கேட்கவே செய்யப்பட்ட இயந்திர நாய், புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது. அடுத்து வந்த 'மீண்டும் ஜீனோ'வில் அதிகாரம் செலுத்துவோரை எதிர்த்து நிலாவின் பக்கம் நிற்கிறது. மனுஷன் கைவிட்ட பொறுப்பை நாய் எடுத்துக்கொள்கிறது. சின்னப் பசங்க கதை என்று இதை ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இனி ஓட்டு இயந்திரம். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இவ்வகை இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாதென்றது. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரமே.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அதன் அமைப்பே என்னைக் கவர்கிறது. அதிகாரி திறந்துவிட்டால்தான் ஓட்டுப் போடமுடியும். ஒருமுறை அழுத்தியபின் எத்தனை தடவை அழுத்தினாலும் பதிவாகாது. நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்குமேல் ஏற்காதபடி பழைய இயந்திரங்களைச் செய்திருந்தார்கள். சாவடியைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று குத்தித் தள்ளும் கூட்டத்துக்கு அது முட்டுக்கட்டை. ஆக, இயந்திரம் கணக்கெழுதும். முடிவெடுப்பது அழுத்தும் விரல்தான். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 'இவர்களில் எவரும் வேண்டாம்' என்பதற்கும் ஒரு பொத்தான் வந்தது.

பீன்யாவில் குடியிருக்கும் நம்மில் எத்தனையோ பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான். தேர்தலுக்கு ஊருக்கும் போவதில்லை, பெயரை இங்கே மாற்றுவதுமில்லை. சட்டப்படி ஓரிடத்தில்தான் பெயர் இருக்கலாம். அது எந்த இடம் என்பதைத் தீர்மானித்துச் சொல்ல ஜீனோ வரப்போவதில்லை.