ஐஸ்லாந்து போகுமுன் தரங்கம்பாடியை நினையுங்கள்



பத்துப் பன்னிரண்டு பேரைச் சிறு குழுவாக ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போகும் சுற்றுலாக்களைப் பற்றி நம் குடியிருப்பிலும் இப்போது பேச்சு அடிபடுகிறது. விசா, குளிர் உடுப்பு, சைவச் சாப்பாடு பற்றியெல்லாம் ஏற்பாட்டாளர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நீங்கள் அந்தத் தீவுக்குப் போவதற்கு 400 ஆண்டுகள் முன்பே அந்தத் தீவுக்காரர் ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்து போயிருக்கிறார்.

அவர் பெயர் யோன் ஓலாஃப்சன். 1593-ல் ஐஸ்லாந்தின் வடமேற்குப் பகுதியில் பிறந்தவர். 1615-ல் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி ஊரை விட்டுக் கிளம்பி, பிறகு கோபன்ஹேகனில் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானிடம் பீரங்கி வீரராகச் சேர்ந்தார். அப்போது ஐஸ்லாந்து டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதே மன்னரின் காலத்தில்தான், 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர்கள் தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கோட்டைக் காவலுக்காக யோன் 1622-ல் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அடுத்த ஆண்டு ஆகிவிட்டது. இன்று நாம் விமானம் மாறி இரண்டு நாளுக்குள் போய்விடும் தூரம் இது.

தரங்கம்பாடியில் அவர் வெறும் காவல் மட்டும் பார்க்கவில்லை. கோயில்கள், மக்களின் பழக்கவழக்கங்கள், கோட்டை வாழ்க்கை எல்லாவற்றையும் கவனித்தார். வெடிமருந்து விபத்தில் படுகாயமடைந்து ஊர் திரும்பினார். 1661-ல், நம்மில் பலருடைய வயதில், அறுபத்தேழைத் தாண்டி உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதினார். 1679-ல் மறைந்தார். ஐஸ்லாந்தில் அவரை இன்றும் 'இந்தியா போனவர்' என்ற அடைமொழியோடுதான் குறிப்பிடுகிறார்கள். அவர் எழுதியது ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது; முதல் தொகுதி 1923-ல் வெளியானது.

இனி, சுற்றுலாவில் நீங்கள் பார்க்கப்போகும் இடங்களுக்கு வருவோம். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து முதலில் அழைத்துப் போகும் இடங்களில் ஒன்று திங்வெட்லிர். 930-ல் ஐஸ்லாந்து மக்கள் திறந்த வெளியில் கூடி, சட்டம் பேசி வழக்குத் தீர்த்த ஆல்திங் என்ற பேரவை அங்கேதான் தொடங்கியது. அதே காலத்தில் இங்கே ஆண்டவர் முதலாம் பராந்தக சோழர். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆக, ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பொதுக்காரியத்தைக் கூடிப் பேசி முடித்திருக்கின்றன. நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வராதவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

அதே இடத்தில் நிலம் பிளந்து கிடப்பதையும் பார்ப்பீர்கள். வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகிக்கொண்டிருக்கும் இடம் அது. அந்த இடைவெளியில் மேலே வரும் எரிமலைக் குழம்புதான் தீவாயிற்று. அங்குள்ள மிகப் பழைய பாறைக்கே வயது சுமார் 1.6 கோடி ஆண்டுதான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பாறை வயதில் பார்த்தால் அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

ஆனால் அந்தப் பிள்ளை கொடுத்த துன்பம் கொஞ்சமல்ல. 1783-ல் லாகி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் குமுறியது. நச்சுப் புகையில் புல் கெட்டது. கால்நடைகளில் பாதிக்கு மேல் மடிந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். போதாக்குறைக்கு, 1602 முதல் டேனிய வணிகர்களைத் தவிர வேறு யாரிடமும் அவர்கள் வாங்கவோ விற்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. பஞ்சத்துக்குப் பிறகு, 1787-ல்தான் அது தளர்ந்தது. வணிகம் படித்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரே கடைதான் உண்டு என்றால் அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. அதே ஆண்டில், நடுவில் கலைக்கப்பட்டிருந்த ஆல்திங் மீண்டும் கூடியது. 1944 ஜூன் 17-ல் ஐஸ்லாந்து குடியரசானது.

எரிமலைகள் இன்றும் ஓயவில்லை. 2010-ல் எழுந்த சாம்பல் ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியது. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊர் முழுவதையும் காலி செய்ய வைத்தார்கள். ஆகவே முன்பணம் கட்டுமுன் ரத்து விதிகளையும் பயணக் காப்பீட்டையும் வரிவரியாகப் படியுங்கள். அங்கே போனபின் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் படம் எடுக்காதீர்கள்.

இவ்வளவு செலவு நமக்குக் கட்டாது, முழங்கால் ஒத்துழைக்காது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். டேன்ஸ்பர்க் கோட்டை இன்னும் நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகமும் இருக்கிறது. பக்கத்தில், 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, கடல் அரித்ததில் பெரும்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் உண்டு. ஒரு வேன் பிடித்தால் நாமும் சிறு குழுதான். சங்கம் ஏற்பாடு செய்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன். ஐஸ்லாந்து போகிறவர்களோ யோன் செய்ததைச் செய்யுங்கள்: பார்த்ததைத் திரும்பி வந்து நான்கு பக்கமாவது எழுதி இந்த இதழுக்குக் கொடுங்கள்.