அலெக்சாந்தர் படையும் ஐவிக் கொடியும்

தில்லியில் குளிர் எட்டிப் பார்த்ததும் நர்சரிகளில் சின்னத் தொட்டிகளில் ஐவிக் கொடி வந்து உட்கார்ந்துவிடும். முனை முனையாய்ப் பிரிந்த கரும்பச்சை இலை. ஓரத்தில் வெள்ளை அடித்தது, நடுவில் மஞ்சள் பாய்ந்தது என்று ரகங்கள் பல. பூஜைக்கும் உதவாது, தலையில் வைக்கவும் ஆகாது. "இந்த இங்கிலீஷ்காரன் செடி நமக்கெதுக்கு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பதில் தேடப் போய்த்தான் 2,300 ஆண்டுப் பழைய கதை ஒன்று கிடைத்தது.

முதலில் பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் மணி பிளாண்டுக்கும் ஐவி என்று ஒரு பெயர் உண்டு. நம்ம ஊர் வேலியில் படரும் கோவைக்கொடியின் பெயரிலும் ஐவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு குடும்பம். தாவர நூலார் 'ஹெடெரா' என்பதே நாம் பேசும் ஐவி.

சரி, கதைக்கு வருவோம். கி.மு. 327-326 வாக்கில் இந்துகுஷ் மலையைத் தாண்டி வந்த அலெக்சாந்தர், நைசா என்ற ஊரை நெருங்கினார். ஊர்த் தலைவர் அகூஃபிஸ் எதிரே வந்து, "எங்கள் ஊர் டயோனிசஸ் தெய்வம் நிறுவியது, அவருக்கு உகந்த ஐவி இந்தியாவிலேயே இங்குதான் வளர்கிறது, அதுவே சாட்சி" என்ற பொருளில் வேண்டிக்கொண்டார். ஊர் தப்பியது. பக்கத்து மேரோஸ் மலைக்குப் போன மாசிடோனிய வீரர்கள், நெடுநாள் காணாத ஐவியைக் கண்டதும் கொடியைப் பறித்து மாலை கட்டித் தலையில் சூடிப் பாடினார்களாம். இதை எழுதியவர் அர்ரியன், கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர். தில்லிச் சந்தில் திடீரென்று ஒரு முருங்கை மரத்தைக் கண்டு நின்றவர்களுக்கு அந்த வீரர்களின் மனசு புரியும்.

எரடாஸ்தனிஸ் என்ற அறிஞர் இதையெல்லாம் நம்பவில்லை. அலெக்சாந்தரைக் குளிர்விக்கக் கட்டிவிட்டது என்றார். அர்ரியனே இதைக் குறிப்பிடுகிறார். தெய்வம் ஊர் நிறுவிய பகுதிக்கு எரடாஸ்தனிஸ் பக்கம்தான் நானும். ஆனால் கொடி பொய்யில்லை. ஆப்கானிஸ்தான் தொடங்கி இமயமலை நெடுக, சீனா வரையில் ஒரு ஐவி காடாய் வளர்கிறது. கார்ல் கோக் என்ற ஜெர்மானியர் 1853இல் அதற்கு 'ஹெடெரா நேபாலென்சிஸ்' என்று பெயர் வைத்தார். சிம்லா, முசோரிப் பக்கம் மரங்களில் ஏறி நிற்பது அதுதான். ஐரோப்பிய ஐவிக்குக் காய் கறுக்கும், இதற்கு மஞ்சளாகப் பழுக்கும். மற்றபடி பார்த்தவுடன் உறவு தெரியும். வேறெங்கும் இல்லை என்று நைசாக்காரர்கள் சொன்னதுதான் தப்பு. சிந்து, பஞ்சாப் சமவெளியில் நடந்த படைக்கு அது தெரிய வழியில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தவர் ஹர்பாலஸ். அலெக்சாந்தரின் பொருளாளர். பாபிலோன் அரண்மனைத் தோட்டத்தில் கிரேக்க நாட்டுச் செடிகளை வளர்க்க ஆசைப்பட்டார். மற்றதெல்லாம் பிடித்தன, ஐவி மட்டும் திரும்பத் திரும்பப் பட்டுப்போனது. அக்காலத்தவரான தியோஃப்ராஸ்டஸ், அந்தச் சீதோஷ்ணம் ஏற்கவில்லை என்று எழுதிவைத்தார். மண்ணின் சூடு என்றார் பின்னால் வந்த புளூடார்க். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்றைய அலங்கார ரகங்களுக்கு மவுசு கூடியது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். ஷர்லி ஹிபர்ட் 1872இல் ஐவிக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். ஒரு கிளையில் இலை தற்செயலாய் நிறமோ வடிவமோ மாறினால் அதை வெட்டி நட்டுப் புது ரகமாக்குவார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. படரும் வயதில் முனை பிரிந்திருக்கும் இலை, கொடி உயரம் ஏறி வெளிச்சம் கண்டதும் பிரிவில்லாமல் முழுசாகிவிடும். அப்புறம்தான் பூக்கும். தொட்டிச் செடியில் நாம் பூவே பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

நம் தில்லி மே மாதமும் பாபிலோனுக்கு இளைத்ததல்ல. அக்டோபரில் வாங்கினால் மார்ச் வரை கொழிக்கும். பிறகு வடக்குப் பார்த்த நிழலுக்கு மாற்றிவிடுங்கள். வறண்ட காற்றில் இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பூச்சி வரும். இலையைத் தண்ணீரால் கழுவினால் அடங்கும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் லூ காற்றில் தாய்ச்செடி போனாலும் இருக்கட்டும் என்று, நான் மார்ச்சிலேயே நாலு துண்டு வெட்டி வீட்டுக்குள் தண்ணீர் பாட்டிலில் போட்டுவிடுகிறேன். சில வாரங்களில் வேர் விட்டுவிடுகிறது.