பிரட்டுக்களத்தில் ஒரு பள்ளிக்கூடம்

நூற்றாண்டு மலர்க் குழுவினர் எங்களிடம் கேட்டது சிறிய ஒரு கட்டுரைதான். அந்தக் காலத்து இளம் மிஷனரி ஒருவர் எப்படி வாழ்ந்தார், எப்படிப் படிப்பித்தார் என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். கேட்டவுடன் எங்கள் மனக்கண்ணில் வந்தது பழைய மண்டபத்துச் சுவரில் தொங்கும் படம். வெள்ளை நீள உடுப்பு, உச்சியில் கட்டிய கொண்டை, பின்னால் ரோசாச் செடி. படிக்கிற காலத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நின்று தண்டனை அனுபவித்தவர்கள் எங்களில் பலர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறோம் என்று எண்ணித் தேடத் தொடங்கினோம். தேடல் எங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். எமது பாடசாலைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அதற்கு முன் 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்தது. பண்டாரவளையை எட்டியது 1894இல். அங்கிருந்து பதுளைக்கு வர, தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கட்டி முடிக்க இன்னும் முப்பது வருடம் எடுத்தது. ஆகவே ஊவாவுக்கு முதலில் எழுத்துக் கொண்டுவந்தவர்கள் ரயிலில் வந்தவர்களல்லர். மாட்டு வண்டியிலும் குதிரையிலும் கால்நடையாகவும் வந்தவர்கள். வரும் வழியில் இடி மின்னலுக்கும் பயந்திருப்பார்கள். பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்ததுதான் நகரிலுள்ள சென். மார்க்ஸ் தேவாலயம். சிறுவயதில் அந்த வழியாகப் போகும்போது ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மின்னலை அனுப்பியது யார் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்ததில்லை.

காலவரிசைப்படி முதலில் ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து மோர்மன் சபையார் அனுப்பிய ஒரு குழு 1853இல் கல்கத்தாவை அடைந்தது. அதில் இருவர், சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்போர், சீயத்துக்கென நியமிக்கப்பட்டவர்கள். அங்கே போக முடியாமல் இலங்கைக்கு வந்தார்கள். வெஸ்டுக்கு அப்போது 26 வயது. கையில் பணமில்லாமல், போகுமிடத்தில் கிடைப்பதை உண்டு பிரசங்கிப்பது அவர்கள் சபையின் வழக்கம். ஊர்ப் பாஷை தெரியாது, தங்க வீடு கொடுப்பாரும் இல்லை. ஆதரவின்றிப் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார்கள். அதே குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் பாலன்டைன் சென்னையில் ஒரு வருடமளவு இருந்தார். தமது ஊரில் ஞாயிறு பாடசாலையை ஆரம்பித்து வைத்தவர் அவர். சென்னையிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இவர்களைக் கேலி செய்ய எங்களுக்கு மனமில்லை. இருபத்தாறு வயதில் முன்பின் தெரியாத ஊரில், யாரும் கதவு திறக்காத வீதியில் நின்றவர்கள். எங்களிற் சிலர் வெளிநாடு போன முதல் மாதத்தை நினைத்துப் பார்த்தால் புரியும்.

அடுத்த வருடம், 1854இல், திருநெல்வேலியிலிருந்து ஒரு சிறு குழுவாகத் தமிழ் உபதேசியார்கள் மலைநாட்டுக்கு வந்தார்கள். கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் பணம் சேர்த்து, சி.எம்.எஸ். சங்கத்தின் துணையோடு, கண்டியை மையமாக வைத்துத் தொடங்கிய மிஷன் அது. 1855இல் திருநெல்வேலியில் பழகிய செப்திமஸ் ஹொப்ஸ் என்ற வெள்ளைக்காரப் போதகர் வந்து பொறுப்பேற்றார். மிஷனின் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அந்தப் பெயரை இங்கே மாற்றாமல் அப்படியே எழுதுகிறோம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

யூட்டாக்காரருக்கு இல்லாத ஒன்று இந்த உபதேசியார்களிடம் இருந்தது. அது தமிழ். அதுவும் தோட்டத்து ஆட்கள் விட்டுவந்த அதே தென்னாட்டுத் தமிழ்.

அவர்களுடைய நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை ஒரு தோட்டத்தின் நாளை வைத்தே சொல்லிவிடலாம். விடிவதற்கு முன் தப்பு அடிக்கும். லயத்திலிருந்து ஆட்கள் கம்பளியைப் போட்டுக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு வருவார்கள். பேர் பதிந்து, இன்னின்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடுவதற்கு இடைப்பட்ட சில நிமிடம்தான் எல்லோரும் ஓரிடத்தில் நிற்கும் நேரம். வேதம் சொல்ல வந்தவருக்கு அந்தச் சில நிமிடம் பெரிய பாக்கியம். பனியில் நடுங்கிக்கொண்டு, கங்காணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் எவ்வளவு சொல்ல முடியும்? பிறகு அடுத்த தோட்டத்துக்கு நடை. அட்டை கடித்த கால். ஆற்றில் வெள்ளமென்றால் அக்கரையில் காத்திருப்பு. பகலில் லயத்தில் இருப்பவர்கள் நோயாளிகளும் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான். அந்தியில் ஆட்கள் திரும்பி, அடுப்பு மூட்டிச் சாப்பிட்ட பிறகு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் படிக்க விரும்புகிற இளந்தாரிகள் நான்கு பேர் வந்தால் அது இராப்பள்ளிக்கூடம். ஞாயிறு ஆராதனை பல இடங்களில் கோப்பி ஸ்டோரில் நடந்தது. தேயிலை வந்த பிறகும் 'ஸ்டோர்' என்ற சொல்லை எங்கள் ஆட்கள் விடவில்லை. தொழிற்சாலையை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. அதற்குள் எங்கே கரும்பலகை வைப்பது? மணல்தான் பலகை. மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்து, அழித்து, மறுபடி எழுத வைப்பது. செலவில்லாத முறை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இவர்களைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கடுமையாகவும் பேச வேண்டியிருக்கிறது. மிஷனுக்குச் சந்தா கொடுத்தவர் துரை. தோட்டத்துக்குள் கால் வைக்க அனுமதி கொடுத்தவரும் அவரே. ஆகவே உபதேசியார் சாராயத்தைப் பற்றிப் பேசலாம், களவைப் பற்றிப் பேசலாம். அரைப்பேர் போட்டதைப் பற்றியும், பெரிய கங்காணியின் கடன் துண்டைப் பற்றியும் பேச அவருக்கு வாய் இருந்திருக்குமா? அதே வேளை, காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் போகாதே என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. எழுத்தை வாங்கிக்கொண்டு வேதத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான் தோட்டத்தில் அதிகம். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

1869இல் எமது ஊவாவிலேயே, மடூல்சீமையில், கோப்பி இலையில் அந்த மஞ்சள் துருநோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பதினைந்து இருபது வருடத்தில் இலங்கைக் கோப்பியே விழுந்தது. துரைமாரின் பணத்தில் நடந்த எதுவும் அந்த விழுக்காட்டுக்குத் தப்பவில்லை. தேயிலை ஏறிய காலத்தில்தான், 1880களில், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் ஊவாவில் வேலை தொடங்கினார். 1879இல் கண்டியில் பெண்கள் உயர் பாடசாலையைத் தொடங்கியவரும் இவரே. ஊவாப் பணி பற்றி அவர் எழுதிய நூல் 1890இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் தலைப்பில் ஊவாவைத் தமது புதிய 'மிஷன் தோட்டம்' என்கிறார். அவர் நினைத்தது பூந்தோட்டம். எங்கள் காதில் 'தோட்டம்' என்றால் விழுவது வேறு.

வைத்தியத் தொழிலில் இருப்பதால் இன்னொரு இளம் மிஷனரியை இங்கே இழுத்துவராமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு 25 வயது. மானிப்பாயில் நோயாளர்களைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு ஆள் மிஞ்சுவதில்லை என்று கண்டு, 1864 முதல் தமிழில். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை நூல்களைத் தமிழாக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

நாங்கள் மருத்துவம் படித்தது ஆங்கிலத்தில். பதுளைப் பக்கம் தோட்டக் கிளினிக்கில் முதன்முதல் உட்கார்ந்த அன்று, 'குருதிச்சோகை' என்று பாடப்புத்தகத் தமிழில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு விளக்கினோம். அவர் கவனமாகக் கேட்டார். வெளியே போய், "டொக்டரம்மா சோகமா இருக்கேன்னு சொல்றாங்க" என்று மாமியாரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. இரும்புச்சத்து மாத்திரை வீட்டிலேயே கிடந்தது. அடுத்த மாதம் கிளினிக் அட்டையைப் பார்த்தபோதுதான் பிழை எங்களுடையது என்று விளங்கியது. "ஒடம்புல ரத்தம் பத்தாது தங்கச்சி" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். கிறீன் இருபத்தைந்து வயதில் வந்து கற்றதை நாங்கள் பிறந்த ஊரிலேயே பிந்தித்தான் கற்றோம்.

இனிப் பெண்பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் ஹரியற் வின்ஸ்லோ உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது 1824இல். அவருக்கு அப்போது 28 வயது. 1833இல் இறந்தும் போனார். 1840இல் வந்த எலைசா அக்னியூ அங்கே நாற்பது வருடமளவு தலைமை தாங்கி, ஊர் திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே 1883இல் கண் மூடினார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல். அதே காலத்தில் மலையில் பெண்பிள்ளை செய்தது என்ன? தம்பி தங்கையைப் பார்த்தாள், தண்ணீர் சுமந்தாள், பத்து வயதில் கூடை கட்டினாள். இராப்பள்ளிக்கூடத்துக்கு அவளை யார் அனுப்புவார்கள்? 1907இல் வந்த கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி கொடுக்க வேண்டும் என்றது. பத்தோடு சரி.

எங்கள் அம்மாயி அந்தப் பத்தில் நின்றவர். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. வேதக்கார வாத்தியார் என்றுதான் அம்மாயி சொல்வார், பெயர் தெரியாது. காலையில் ஜெபம், பிறகு வாய்ப்பாடு, பிறகு மணல். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக்குப் போய்விட்டார். ஆனால் இந்தியாவிலிருந்து வரும் கடிதங்களை லயம் முழுவதற்கும் வாசித்துக் காட்டியவர் அவரே. சாவுச் செய்தி என்றால் முதலில் தான் வாசித்து, மடித்து வைத்துவிட்டு, ஆட்கள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சத்தமாக வாசிப்பாராம். அந்த வாத்தியார் எந்தச் சபை, என்ன சம்பளம், எங்கே அடக்கம் ஆனார், எதுவும் அம்மாயிக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் மணல் நனைந்தால் அடுப்புச் சாம்பலைப் பரப்பி எழுத வைப்பார் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

பிற்காலத்தில் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைமாரையும் இந்த வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் நியமனம் பெற்று, ஒரு சூட்கேசோடு பதுளையில் வந்து இறங்கியவர்கள். அவர்களுக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை, எங்கள் பேச்சும் முதலில் விளங்கவில்லை. அறையில் அழுதிருப்பார்கள். 1983 ஆடியில் பதுளை எரிந்தபின் சிலர் திரும்பி வரவில்லை என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். வந்தவர்களால்தான் எங்களில் பலர் கணிதத்தில் சித்தி பெற்றோம்.

மலருக்காகப் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்ட அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தந்தையின் தொழில் என்று ஒரு நிரல். கடை உரிமையாளர், லிகிதர், கணக்கப்பிள்ளை, மருந்தாளர், மறுபடி கடை உரிமையாளர். தோட்டங்கள் சூழ்ந்த இந்த நகரத்தில், 'தோட்டத் தொழிலாளி' என்ற சொல்லைக் காண எத்தனையோ பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. கண்டபோது நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் விரலை வைத்தோம். மகளின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆறாம் வகுப்பில் சேர்வு. எதிரே, விலகிய காரணம் என்ற நிரலில், வேறு மையில் ஒரு வரி: பெற்றோர் இந்தியா சென்றனர்.

1964 ஒப்பந்தத்தின்படி போன இலட்சக்கணக்கானவர்களில் அந்தக் குடும்பமும் ஒன்று. தனியாருடைய விடயமென்பதால் பெயரை இங்கே அச்சிடவில்லை. இந்த மலர் நீலகிரிக்கும் போகிறது. கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கமிருக்கும் சகோதரிகளே, பசறை வீதித் தோட்டமொன்றிலிருந்து வந்து எமது பாடசாலையில் ஆறாம் வகுப்பு மட்டும் படித்த ஓர் அக்கா உங்கள் அயலில் இருந்தால், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். அவருக்கு இப்போது எழுபது வயதளவில் இருக்கும். நூற்றாண்டு விழா டிசம்பரில்.